பழைய குரோஷே போர்வை வாங்கி விற்க: அமெரிக்காவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

அமெரிக்காவில் பழைய பொருள் விற்கும் த்ரிஃப்ட் கடைக்குப் போனால், படுக்கை விரிப்புகள் தொங்கும் வரிசையைக் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். பழைய திரைச்சீலைகளுக்கு நடுவே கையால் குரோஷே போட்ட போர்வை ஒன்றிரண்டு மடங்கிக் கிடக்கும். ஆரஞ்சும் பழுப்புமாக அலை அலையாக ஒன்று, கறுப்புக் கரை கட்டிய பல வண்ணச் சதுரங்களாக இன்னொன்று. இங்கே இதை ஆப்கன் என்பார்கள். சோபாவின் முதுகில் விரித்து வைத்து, டி.வி. பார்க்கும்போது காலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வது. பின்னிய பாட்டி காலமாகி வீட்டைக் காலி செய்யும்போது, பிள்ளைகள் பெட்டியோடு கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதே போர்வையைத் தேடித் தேடி வாங்குகிற கூட்டமும் இருக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வியாபாரம் செய்வது எப்படி என்று இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முழுப் போர்வை பின்ன வாரக்கணக்கில் மாலைப் பொழுதுகள் போயிருக்கும். அந்த உழைப்புக்குச் சந்தையில் விலை கிடையாது. நிறம், நூல், வாடை, இந்த மூன்றைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். குரோஷே தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குவார்கள். "அடேயப்பா, எவ்வளவு வேலை!" என்று மனம் இளகி வாங்கிவிடுவார்கள், அது வருஷக் கணக்கில் அலமாரியில் தூங்கும்.

விசா விஷயம்

ஹெச்-4 விசாவில், அதாவது ஹெச்-1பி ஊழியரின் துணையாக, இருக்கும் நம் பெண்கள் பலருக்கு இந்த யோசனை வருவது இயல்பு. வீட்டிலிருந்தே செய்யலாம், முதல் குறைவு. ஆனால் உங்கள் பழைய பொருளை விற்பது வேறு, விற்பதற்காகவே வாங்கி விற்பது வேறு. இரண்டாவது வேலைக் கணக்கில் வரும். அதற்கு வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே முதல் ஹெச்-4 காரர்களில் ஒரு பகுதியினருக்கு, முக்கியமாகக் கணவரின் அல்லது மனைவியின் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதலானவர்களுக்கு, இந்த அட்டை கிடைக்கிறது. அட்டை இல்லாமல் எட்ஸி என்ற கைவினைப் பொருள் விற்பனைத் தளத்தில் கடை திறக்காதீர்கள். மாணவர் விசாவுக்கும் இதே எச்சரிக்கைதான். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். அனுமதி இல்லாதவர்கள் சேகரிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

எதைத் தேடுவது

எல்லோரும் முதலில் தேடுவது கிரானி ஸ்கொயர். நடுவில் சின்ன வளையம், அதைச் சுற்றி மூன்று மூன்று தையலாகக் கொத்து, சுற்றுக்குச் சுற்று நிறம் மாறும் சதுரம். 1885-லேயே 'ப்ரெய்ரி ஃபார்மர்' என்ற அமெரிக்க வேளாண் இதழில் இந்தச் சதுரத்தின் செய்முறை வந்திருக்கிறது. மிச்ச நூலை வீணாக்காமல் பயன்படுத்தும் சிக்கனம் இது. ஒவ்வொரு சதுரத்தின் கடைசிச் சுற்றையும் கறுப்பில் முடித்து, கறுப்பிலேயே இணைத்தால் உள்ளே இருக்கும் நிறமெல்லாம் எடுப்பாகத் தெரியும். 1988-இல் தொடங்கிய 'ரோசான்' தொலைக்காட்சித் தொடரின் சோபாவில் கிடந்தது இந்த வகைதான். இன்றும் அந்தப் பெயரைப் போட்டே தேடுகிறார்கள். மங்காத கறுப்பு, நிறைய நிறங்கள், பெரிய அளவு, மூன்றும் சேர்ந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அடுத்தது ரிப்பிள். மேடும் பள்ளமுமாகப் பட்டை பட்டையாக ஓடும். இதில் நிறம்தான் எல்லாம். அவகாடோ பச்சை, மங்கிய மஞ்சள், கருகிய ஆரஞ்சு, பழுப்பு என்று இருந்தால் 1970-கள் என்று ஊகிக்கலாம். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜும் அடுப்பும்கூட இதே நிறங்களில்தான் வந்தன. இந்த ரிப்பிள் நன்றாகப் போகும். சாம்பல் கலந்த ரோஜா நிறம், மங்கிய நீலம், கிரீம் என்று இருந்தால் 1980-களின் பிற்பகுதி. வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த நிறங்கள் நகர மாட்டேன் என்கின்றன. 5 டாலருக்குக் கிடைத்தாலும் நான் கை வைப்பதில்லை. நிறத்தை மட்டும் வைத்துக் காலத்தை அடித்துச் சொல்லவும் முடியாது. பழைய நூலைப் பெட்டியில் வைத்திருந்து இருபது வருஷம் கழித்துப் பின்னியவர்களும் உண்டு.

இவை போக, நீண்ட கொக்கியில் வரிசை முழுவதையும் ஏற்றி இறக்கிப் பின்னும் துனீசியப் பின்னல் உண்டு. கட்டம் கட்டமாகக் கெட்டியாக இருக்கும். அதன்மேல் குறுக்குத் தையலில் ரோஜாவோ மானோ போட்டிருப்பார்கள். குறைவாகத்தான் கண்ணில் படும், சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள்.

குரோஷேயை இன்றுவரை இயந்திரம் பின்னுவதில்லை. இரண்டு ஊசி நிட்டிங்கைத்தான் இயந்திரம் செய்யும். எனவே குரோஷே போர்வை எதுவானாலும் கைவேலைதான், சீனாவில் போன வருஷம் பின்னி பெரிய கடைகளில் விற்றதும் கைவேலைதான். கைவேலை என்பது பழமைக்குச் சான்று ஆகாது. மூலையில் நூல் விகிதமும் 'ஆர்.என்.' என்று தொடங்கும் நிறுவனப் பதிவு எண்ணும் அச்சிட்ட பட்டை இருந்தால், அல்லது அப்படி ஒரு பட்டையை வெட்டியெடுத்த மிச்சம் இருந்தால், அது கடைச் சரக்கு. வீட்டில் பின்னியதில் பட்டையே இருக்காது. இருந்தால் 'உனக்காகவே பின்னியது' என்ற மாதிரி சின்னத் துணி நாடா, அதில் பின்னியவர் பெயர். அந்த நாடா இருந்தால் பிரிக்காதீர்கள். வாங்குபவர்களுக்கு அது பிடிக்கும்.

எங்கே கிடைக்கும்

குட்வில், சால்வேஷன் ஆர்மி, செயின்ட் வின்சென்ட் டி பால் கடைகள். சர்ச்சுகளில் நடக்கும் ரம்மேஜ் சேல் (நன்கொடையாக வந்த பழைய பொருட்களின் விற்பனை) இவற்றைவிட மலிவு. காலமானவர்களின் வீட்டுச் சாமான்களை அங்கேயே வைத்து விற்கும் எஸ்டேட் சேல் என்றால் வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். கடைசி நாளில் பாதி விலைக்கு இறக்கிவிடுவது வழக்கம், அன்று மதியம் போங்கள். அங்கே இன்னொரு லாபம் உண்டு: பின்னியவரின் நூல் பெட்டியும் கொக்கிகளும் மாதிரிப் புத்தகங்களும் அதே வீட்டில் இருக்கும். போர்வையோடு அந்த மிச்ச நூலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் பழுது பார்க்கக் கைகொடுக்கும்.

குட்வில் அவுட்லெட்டில் தொட்டி தொட்டியாகக் கொட்டி எடைக்கு விற்பார்கள். கையுறை போட்டுக்கொண்டு போங்கள்.

டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு வேல்யூ வில்லேஜ்தான் களம். கனடாவில் ஃபென்டெக்ஸ் என்ற வழவழப்பான செயற்கை நூலில் பின்னியவை நிறைய வரும். பளபளவென்று இருக்கும், பிளாஸ்டிக் போலக் கையில் உரசும். கிழியவே கிழியாது, ஆனால் போர்த்திக்கொள்ள யாருக்கும் ஆசை வராது.

கையில் எடுத்ததும்

முதலில் மூக்கு. மடிப்பைப் பிரித்து நடுப்பகுதியை முகத்தருகே கொண்டுபோய் முகருங்கள். வெளி மடிப்பு கடை வாடைதான் அடிக்கும். உண்மை உள்ளே இருக்கும். சிகரெட், அந்துருண்டை, பூனை மூத்திரம், நிலவறைப் பூஞ்சை. சிகரெட் வாடை இரண்டு மூன்று துவையலில் பெரும்பாலும் போகும். அந்துருண்டை வாரக்கணக்கில் காற்றாடப் போட்டாலும் அரைகுறையாகத்தான் போகும். மற்ற இரண்டும் இருந்தால் திரும்ப மடித்து வைத்துவிட்டு நகருங்கள்.

பிறகு முழுவதும் விரியுங்கள். கடையில் இடமில்லை என்றால் தரையிலாவது விரியுங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மூலைகளைப் பிடித்துத் தூக்கி, டியூப் லைட்டுக்கு நேராகக் காட்டுங்கள். பின்னலின் இயல்பான துளை ஒழுங்காக வரிசை பிடித்து நிற்கும். அறுந்த இடம் அப்படி நிற்காது: துளை கோணலாகப் பெரிதாகி, ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணி வாய் பிளந்து தொங்கும். கிரானி ஸ்கொயரில் மூன்று இடங்களை விரலால் தடவிப் பாருங்கள்: சதுரத்தின் நடு வளையம், நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலை, நிறம் மாறும் இடத்தில் செருகிவிட்ட நூல் நுனி. அறுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். இணைப்பு மட்டும் விட்டிருந்தால் பத்து நிமிட வேலை. நடு வளையம் நாலைந்து சதுரத்தில் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

கம்பளியில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் அங்கங்கே சிதறி இருந்தால் பூச்சி. மடிப்பிலும் இணைப்பிலும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. எந்த விலைக்கும் வேண்டாம்.

நூல் எது என்று கண்டுபிடிப்பது

இதைத் தெரிந்துகொள்ளாமல் துவைக்கப் போகக் கூடாது. டூபான்ட் நிறுவனம் ஓர்லான் என்ற அக்ரிலிக் செயற்கை இழையை 1950-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய போர்வைகள் பெரும்பாலும் கம்பளி. பிறகு மெல்ல மெல்ல அக்ரிலிக் பிடித்துக்கொண்டது. மெஷினில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, விலையும் மலிவு என்றால் பாட்டிமார் விடுவார்களா? இன்று கடைகளில் பத்துக்கு ஒன்பது அக்ரிலிக்தான். கம்பளி கிடைத்தால் விலை கூடும், கவலையும் கூடும்.

கம்பளி கொஞ்சம் குறுகுறுக்கும், கசக்கி விட்டால் மெதுவாக நிமிரும். அக்ரிலிக்கை விரலிடுக்கில் இறுக்கித் தேய்த்தால் லேசாகக் கிறீச்சிடும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், உள்ளே செருகிய நூல் நுனி ஒன்றிலிருந்து அரை அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம், தீ தானே அணையும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்புக் கெட்டி மணியாக நிற்கும். நெருப்பு வேண்டாம் என்பவர்கள் அந்தத் துண்டை ஒரு மூடியில் வைத்துக் குளோரின் பிளீச்சில் ஊறப் போடலாம். கம்பளி கரைந்து காணாமல் போய்விடும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும்.

பல நிறப் போர்வையில் ஒரு நிறத்தை மட்டும் சோதித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். மிச்ச நூலில் பின்னியது என்றால் சிவப்பு கம்பளியாகவும் மஞ்சள் அக்ரிலிக்காகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் முழுவதையும் கம்பளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

துவைப்பது

வீட்டுக்குள் வந்ததும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, 0 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் காட்டும் ஃப்ரீசரில் வையுங்கள். மூட்டைப்பூச்சிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை சொல்வது 4 நாள். கம்பளி என்றால் அந்துப்பூச்சிக்கும் சேர்த்து இரண்டு வாரம் விட்டுவிடுவது நல்லது.

துவைப்பதற்கு முன் அறுந்த கண்ணி ஒவ்வொன்றிலும் ஊக்கு குத்துங்கள். இல்லையென்றால் மெஷினில் ஒரு கண்ணி பத்துக் கண்ணியாகும். ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பையும் கறுப்பையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மெஷின் வேண்டாம், தனியாகக் குளிர்ந்த நீர்.

அக்ரிலிக் என்றால் பெரிய வலைப்பையிலோ தலையணை உறையிலோ போட்டு, குளிர்ந்த நீர், மென்மையான சுழற்சி. மணமில்லாத சோப்பாக இருக்கட்டும். வாசனை சோப்பு ஒத்துக்கொள்ளாத வாடிக்கையாளர்கள் இங்கே நிறைய. டிரையரில் போட்டால் மிகக் குறைந்த சூடுதான். சூடு கூடினால் அக்ரிலிக் செத்துவிடும்: துள்ளல் போய், தொளதொளவென்று நீண்டு தொங்கும், அப்புறம் என்ன செய்தாலும் பழைய நிலைக்கு வராது.

கம்பளியை வெதுவெதுப்பான நீரில் முக்கி, அழுத்தி எடுப்பதோடு சரி. கசக்கினால் சிக்குண்டு சுருங்கி அட்டை போலாகிவிடும். ஆக்ஸிகிளீன் மாதிரியான கறை நீக்கும் பொடி கம்பளிக்கு ஆகாது. தேங்காய்ப்பூத் துண்டில் வைத்துச் சுருட்டி நீரை எடுத்துவிட்டு, படுக்கை வசத்தில் உலர்த்துங்கள். கொடியில் போடவே கூடாது, அக்ரிலிக்கையும்தான். ஈர எடை இழுத்து ஒரு பக்கம் நீண்டுவிடும்.

பழுது

ஊரில் பள்ளியிலோ அத்தையிடமோ குரோஷே கற்றவர்களுக்கு இந்த இடத்தில்தான் ஆதாயம். இந்தப் போர்வைகளில் பெரும்பாலும் வொர்ஸ்டெட் எனப்படும் நடுத்தரக் கன நூல். 5 முதல் 6 மி.மீ. கொக்கி போதும். இந்தியாவில் பிரிட்டிஷ் முறையில் கற்றவர்கள் கவனிக்க: நாம் ட்ரெபிள் என்று போட்டதை இங்கத்திய மாதிரிப் புத்தகத்தில் டபுள் குரோஷே என்று எழுதியிருப்பார்கள்.

சதுரங்களுக்கு இடையிலான இணைப்பு விட்டிருந்தால், மொண்ணை முனை ஊசியில் அதே நிறம் கோத்து, பழைய தையல் நன்றாக இருக்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் முன்பே தொடங்கி, ஓர் அங்குலம் தாண்டி முடியுங்கள். நடு வளையம் போன சதுரத்தை ஒட்டுப் போட முயல்வதைவிட, நான்கு பக்க இணைப்பையும் பிரித்து எடுத்துவிட்டுப் புதுச் சதுரம் ஒன்று பின்னி வைப்பது சுலபம். நிறம் பொருந்துமா என்ற பயம் கலவை நிறப் போர்வையில் தேவையில்லை. கறுப்புக் கரையை மட்டும் சரியாகப் பொருத்தினால் மற்றது கூட்டத்தில் கலந்துவிடும். ஒரே நிற ரிப்பிளில் அறுந்தால் ஒட்டு தெரியத்தான் செய்யும். எது செய்திருந்தாலும் விற்கும்போது சொல்லிவிடுங்கள்.

எங்கே, என்ன விலைக்கு

எட்ஸியில் 'விண்டேஜ்' என்று போட 20 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள்; 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்ற வடிகட்டியைப் போட்டு உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். 200 டாலர் என்று போட்டு வருஷக் கணக்கில் விற்காமல் கிடப்பவை ஏராளம். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் தபால் செலவு மிச்சம், ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

என் மதிப்பில், மங்கல் நிற அக்ரிலிக் 15 முதல் 25 டாலர். நல்ல ரிப்பிள் 30 முதல் 50. கறுப்புக் கரை கிரானி 40 முதல் 70. பெரிய அளவில் பழுதில்லாத கம்பளி 100-ஐத் தாண்டலாம்.

45 டாலருக்கு, தபால் செலவு உட்பட, எட்ஸியில் விற்றதாக வைத்துக்கொள்வோம். பட்டியலிட 20 சென்ட், பரிவர்த்தனைக் கட்டணம் 6.5 சதவீதம், பணம் கைமாற 3 சதவீதமும் 25 சென்ட்டும். மொத்தம் 4.73 டாலர். தபால் 13, உறை 1, துவையல் 2, வாங்கிய விலை 8 என்றால் மிஞ்சுவது 16.27 டாலர். இரண்டு மணி நேரம் உழைத்திருப்பீர்கள். இதே கணக்கை 25 டாலர் போர்வைக்குப் போட்டுப் பாருங்கள், கைக்காசுதான் போகும். ஆகவே தபாலில் விற்பதாக இருந்தால் 40 டாலருக்குக் கீழே போகும் சரக்கை வாங்காதீர்கள். எட்ஸி வெளித்தள விளம்பரம் என்று ஒன்று தானாகவே இயங்கும். அதன் வழியாக விற்றால் சின்னக் கடைகளிடம் 15 சதவீதம் பிடிப்பார்கள். புதுக் கடைக்காரர்கள் அமைப்பில் போய் அதை அணைத்துவிடலாம். வருஷ நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரிக் கணக்குக் காட்ட வேண்டும், ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். முழுப் போர்வை ஒன்று, சோபாவில் போட்டது ஒன்று, பின்னல் தெரியும்படி மிக அருகில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, குறை இருந்தால் அதற்கு மேல் விரல் வைத்து ஒன்று. அளவை இழுக்காமல் தரையில் விரித்து அங்குலத்தில் எடுங்கள். தலைப்பில் கவித்துவம் வேண்டாம்: விண்டேஜ், குரோஷே, கிரானி ஸ்கொயர், ஆப்கன், த்ரோ, கறுப்பு, அளவு. விவரத்தில் நூல், துவைத்த விதம், வீட்டில் செல்லப்பிராணி உண்டா, யாராவது புகை பிடிப்பார்களா என்பதை எழுதுங்கள். நூலைச் சோதிக்காமல் 'கம்பளி' என்று எழுதிவிட்டால் திரும்பி வரும் பார்சலுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அனுப்புவது

சமையலறைத் தராசு பத்தாது, பார்சல் தராசு வாங்குங்கள். ஒரு போர்வை 3, 4 பவுண்டு இருக்கும். யு.எஸ். தபால் துறையின் கிரவுண்ட் அட்வான்டேஜ் பார்சல் சேவையில் 100 டாலர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. பொதியின் கன அளவு 1,728 கன அங்குலத்தைத் தாண்டினால் எடையை விட்டுவிட்டு அளவுக்குக் கட்டணம் போடலாம். 14, 12, 8 அங்குலப் பெட்டி 1,344, தப்பிக்கலாம். 16, 12, 10 என்றால் 1,920, மாட்டிக்கொள்வீர்கள். போர்வையை முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே முழங்காலை ஊன்றிக் காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். பாதியாக இறங்கிவிடும். வெளியே தடித்த பாலி உறை போதும், பெட்டியே வேண்டாம். உறையைத் திறக்கக் கத்தி போடாதீர்கள் என்று வெளியே ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரைதான் விற்பனை. மே, ஜூனில் வாங்கிச் சேருங்கள். அப்போது கராஜ் சேல் பருவம், யாருக்கும் போர்வை நினைப்பு இருக்காது. இரண்டு குளிர்காலம் தாண்டியும் போகாததை விலை குறைத்துக் குறைத்து வைத்திருக்க வேண்டாம். பக்கத்து விலங்குக் காப்பகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஓட்டை ஓட்டையான கிரானியில் பூனைக்குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும் என்பதால், கெட்டிப் பின்னலாகப் பார்த்துக் கொடுங்கள்.